ஒற்றைக்காலில் நின்ற பெஞ்சு

பெண் பார்க்க வருகிறவர்களை உட்கார வைக்கத் தரையைவிடப் பாதுகாப்பான இடம் இந்த உலகத்தில் கிடையாது. பாய்கூட வேண்டாம், வழுக்கும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் தரைக்கு அனுப்பிவைத்த பிறகு நானாகவே கண்டுபிடித்தேன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். நான் ஒரு பம்பு கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். வாரம் முழுக்கத் திரையில் இரும்பை வரைந்து சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் பட்டறை மூலையில் மரவேலை செய்ய ஆரம்பித்தேன். குருநாதர் எல்லாம் கிடையாது. செல்போனில் வீடியோ பார்த்துச் செய்ததுதான்.

முதலில் ஒரு ஸ்டூல் செய்தேன். ஆடியது. பிறகு செருப்பு வைக்க ஓர் அலமாரி செய்தேன். அது ஆடவில்லை, சாய்ந்தது. அம்மா பெருந்தன்மையோடு அதை வாசலில் வைக்கச் சம்மதித்து, சாய்ந்த பக்கத்தில் என் செருப்பை மட்டும் வைத்தார். மற்றபடி அம்மாவுக்கு இந்தப் பொழுதுபோக்கு அறவே பிடிக்கவில்லை. என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"பொண்ணு கையாட்டவா இருக்குது? மம்பட்டி புடிச்ச கையாட்ட இருக்குது. நாளைக்கு ஒறம்பரைக்காரங்க வந்து கையப் பாத்தா என்னன்னு சொல்றது?"

(ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர்கள். அம்மா சொன்னது இனிமேல் உறவாகப் போகிறவர்களை.)

அந்தச் சமயத்தில்தான் பெஞ்சு ஆசை வந்தது. மூன்று பேர் தாராளமாக உட்காரக்கூடிய, சாய்மானம் இல்லாத, நீளமான பெஞ்சு. நான்கு கால், நான்கு சட்டம், மேலே ஒரு பலகை. கேட்பதற்கு எளிது. காலையும் சட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தச்சர்கள் சட்டத்தின் நுனியையே செதுக்கி ஒரு நாக்கு மாதிரி நீட்டிவிட்டு, அதைக் காலில் வெட்டிய துளைக்குள் சொருகுவார்கள். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். என்னிடம் அது இல்லை. துளை போடும் மெஷின் ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் செகண்ட் ஹேண்ட்.

என் போன்றவர்களுக்காகவே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சட்டத்திலும் துளை போடு, காலிலும் துளை போடு. நடுவில் தனியாகச் செய்த ஒரு நாக்கைச் சொருகு. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பசை தடவித் தட்டினால் வேலை முடிந்தது. வெளியே இருந்து பார்த்தால் உள்ளே அப்படி ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. தனி நாக்கு என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். ("ஏற்கெனவே இருக்கற நாக்கு பத்தலையாக்கும்?" என்று அம்மா கேட்டார்.)

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரத்துண்டு, அவ்வளவுதான். ஆனால் முதல் நாக்கைத் துளைக்குள் அழுத்தியபோது உள்ளே இருந்த காற்று 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு விட்டு வெளியேறியதே, அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இன்னும் பசைகூடப் போடவில்லை. காலைப் பிடித்துத் தூக்கினேன், சட்டமும் கூடவே வந்தது. குலுக்கினேன், வந்தது. பட்டறைக்குள் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று நடந்தேன். அப்போதும் விடவில்லை. அப்பாவை லேத்தை நிறுத்தச் சொல்லிக் காட்டினேன்.

"அட, கவ்விப் புடிச்சுக்கிச்சே சாமி!" என்றார். அவர் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்.

அந்த முதல் காலுக்கான நாக்குகளைக் கால் அறுத்ததில் மிஞ்சிய வாகை ரீப்பரிலிருந்து, அதாவது நீளமான ஒல்லிக் கட்டையிலிருந்து, வெட்டியிருந்தேன். அதோடு ரீப்பர் தீர்ந்துபோனது. மற்ற மூன்று கால்களுக்கு என்ன செய்வது என்று தேடியபோது, பக்கத்து வீட்டில் கதவு போட்டபோது கழித்த தேக்குப் பலகைத் துண்டு ஒன்று கிடைத்தது. நல்ல அகலம், ஆனால் குட்டை. தேக்கு! வாகை மரத்து நாக்குக்கே இந்தப் பிடி என்றால் தேக்கு நாக்கு என்ன பாடுபடுத்தும்! எந்தப் பக்கம் கைக்கு நீளமாகத் தெரிந்ததோ அந்தப் பக்கமாகவே பட்டை பட்டையாக அறுத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஓரங்களை உருட்டினேன். ஒவ்வொரு நாக்கும் பால்கோவா மாதிரி வழவழவென்று வந்தது. அளவு பார்த்தேன், அழகு பார்த்தேன். பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் பார்க்கவில்லை.

பெஞ்சு முடிந்தது. அப்பா அதில் உட்கார்ந்து தினமும் பேப்பர் படித்தார். ஒரு முனகல்கூட இல்லை. (அப்பா உட்கார்ந்தால் சிலை மாதிரி உட்காருவார் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.)

இப்படி இருக்கும்போது சென்னிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. சொந்தத் தறிகள், பெட்ஷீட் வியாபாரம். மாப்பிள்ளையின் பெயர் பிரபு. அவருக்கு அப்பா இல்லை. அம்மாதான் தறிக்கூடத்தையும் குடும்பத்தையும் நடத்துகிறவர். கூடவே தாய்மாமன், எல்லாப் பேச்சுவார்த்தைக்கும் அவர்தான் முன்னால் நிற்பார். அம்மாவுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் அம்மா உடைந்து போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் போட்ட கட்டளைகளுக்கெல்லாம் தலையாட்டினேன். கைக்கு ஒரு வாரம் தேங்காயெண்ணெய். பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. முக்கியமாக, மரவேலை என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

அதோடு நிற்காமல், கிழிந்திருந்த எங்கள் சோபாவுக்குப் புது உறை போட ஆள் பிடித்துக் கொடுத்தனுப்பினார். உறை போடுகிறவர் "வெள்ளிக்கெழம வந்துருமுங்க" என்றார். எந்த வெள்ளிக்கிழமை என்று அம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் சோபா இல்லை. சென்னிமலைக் கார் பக்கத்திலேயே இருக்கும் வீரபாண்டிப் பிரிவைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்துவிட்டது.

அம்மா கூடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பெஞ்சைத் தூக்கிட்டு வந்து போடுங்க. மேல ஒரு பெட்சீட்ட விரிங்க. எங்க வாங்குனீங்கன்னு கேட்டா டவுன்ல கடைலன்னு நான் சொல்லிக்கறேன்."

வந்தார்கள். மாப்பிள்ளை ஒரு நுனியில் உட்கார்ந்தார், அவருடைய அம்மா மறு நுனியில். நடுவில் தாய்மாமன். அவரைச் சாதாரணமாகப் பெரிய உடம்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் உள்ளே வந்தபோது வாசல் வெளிச்சம் கொஞ்ச நேரம் நின்று பிறகு வந்தது. பெஞ்சு அவரைத் தாங்கியது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த எனக்குப் புல்லரித்தது. என் நாக்குகள்!

"ஏனுங்க, இது நம்மூரு பெட்சீட்டாச்சுங்களே!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, விரிப்பைத் தடவிப் பார்த்து.

"பெஞ்சும் ஜம்முனு இருக்குதுங்க. எங்க வாங்குனீங்க?" என்றார் தாய்மாமன்.

"டவுன்லங்க..." என்று அம்மா ஆரம்பித்தார்.

அப்பா நல்லவர். வாழ்க்கையில் பொய் சொல்லத் தெரியாமலே வயதாகிவிட்டவர். அதிலும் பெஞ்சைப் பற்றி ஒருவர் ஜம்மென்று சொல்லிவிட்டார். "நம்ம அம்மணி செஞ்சதுங்க" என்றார், முகமெல்லாம் பல்லாக.

"எந்த அம்மணிங்க?"

"இதா, வருதுங்களே, இந்த அம்மணிதானுங்க."

நான் அந்த நேரம் பார்த்துக் காபித் தட்டோடு, தலைநிறைய மல்லிகைப் பூவோடு, தலைகுனிந்து வந்துகொண்டிருந்தேன். தாய்மாமன் என்னைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அப்படீன்னா கண்ணாலத்துக்குக் கட்டிலும் நீங்களே செஞ்சுபோடுவீங்களாக்கு அம்மணி?" என்று கேட்டுவிட்டு, தன் பேச்சைத் தானே ரசித்துத் தொடையில் ஓங்கித் தட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து சிரித்தார்.

'டப்' என்றது. கொஞ்சம் இடைவெளி. பிறகு 'டப் டப் டப்' என்று வரிசையாக. அப்பளம் நொறுக்குகிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மூன்று கால்கள் மூன்று திசையில் போயின. தாய்மாமன் மிக்சர் தட்டோடு பின்னால் போனார். மாப்பிள்ளை பக்கவாட்டில் போனார். பெட்ஷீட் உருவிக்கொண்டு போய் அவரைத் தலையோடு போர்த்தியது. விழுகிறபோதும் எங்கள் ஊர்ப்பக்கத்து மரியாதை போவதில்லை. "உழுந்துபோட்டனுங்க!" என்று தாய்மாமன் சபைக்கு அறிவித்துவிட்டுத்தான் விழுந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் விழவில்லை. அவர் உட்கார்ந்திருந்த மூலைக்குக் கீழே இருந்த கால் அப்படியே நின்றது. பெஞ்சு மொத்தமும் சறுக்குமரம் மாதிரி சரிந்து கிடக்க, உச்சியில் அவர் ஒரு கையால் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு கையில் காபி டம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை.

எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி, "ஐயோ, அடிகிடி பட்டுதுங்களா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அழாத குறையாகச் சொன்னார். நான் சுவரோடு சுவராக நின்றேன். அந்தச் சுவருக்குள்ளும் யாராவது ஒரு துளை போட்டு என்னைச் சொருகிவிட்டால் தேவலை என்று இருந்தது.

தாய்மாமனுக்கு அடி ஒன்றும் இல்லை. மானத்தில்தான் பட்டிருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டி, மிக்சரை உதறினார். அப்பா அவசர அவசரமாகச் சிதறியதை அப்புறப்படுத்தப் பார்த்தார். ஒற்றைக் காலும் சட்டங்களும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்ததால், வந்த கதவு வழியாகப் பெஞ்சு திரும்பப் போகவில்லை. அந்த ஒரு காலைக் கழற்ற முயன்றார். வரவில்லை.

"நவுருங்க, நான் புடுங்கறேன்" என்றார் தாய்மாமன். அந்தக் குரலில் பழிவாங்கும் எண்ணம் தெளிவாகத் தெரிந்தது. சட்டத்தை மிதித்துக்கொண்டு காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். வரவில்லை. அப்பா மறுபக்கம் பிடித்தார். பெட்ஷீட்டிலிருந்து வெளிப்பட்ட மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் திருகினார்கள், ஆட்டினார்கள், முக்கினார்கள். அப்பா பட்டறைக்கு ஓடி மரச்சுத்தி கொண்டுவந்து அடித்தார். கால் கோயில் மணி மாதிரி கணீரென்றது. நகரவில்லை. முன்பே இறங்கிவிட்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மிச்சக் காபியைக் குடித்தபடி இதை வேடிக்கை பார்த்தார்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரே ஆள் செய்தது. ஒரே பசை, ஒரே அளவு, ஒரே ஞாயிற்றுக்கிழமை. ஏன் மூன்று போனது? ஏன் ஒன்று நின்றது? காலடியில் உடைந்த நாக்கின் பாதித் துண்டு கிடந்தது. எடுத்தேன். உடைந்த இடம் பிசிறே இல்லாமல் பிஸ்கட் முறித்த மாதிரி இருந்தது. மீதியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். தேக்கு! என் விரலுக்குப் பட்டென்று முறிந்தது.

"நாரு!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுச்சேலை, மல்லிகைப் பூ, அம்மாவின் கட்டளைகள் எல்லாம் மறந்துபோய் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்ணாலேயே என்னை எழுந்திருக்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை.

"என்னுங்க அம்மணி?" என்று கேட்டபடி மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"மரத்துல நாரு ஒரு பக்கமாத்தானுங்க ஓடும். இந்த நாக்குல நாரு காலுக்குள்ள இருந்து சட்டத்துக்குள்ள ஓடோணும். ரெண்டையும் கட்டிப் புடிக்கறதே அதுதான். நான் பலகைய மாத்தி அறுத்துப்போட்டனுங்க. நாரு குறுக்க ஓடுது. பாருங்க, ஒரு நாருகூட இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்குப் போகல."

அவர் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூலிலேயே பிறந்து வளர்ந்தவர். "பாவு நிக்கோணும்ங்கற எடத்துல ஊடை நின்னுபோச்சு" என்றார் மெதுவாக. துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. நான் பத்து வாக்கியத்தில் சொன்னதை அவர் தன் தறிமேல் போட்டுப் பார்த்துக்கொண்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடடா என்று இருந்தது.

"அப்ப அந்தக் கால்ல இருக்கற நாக்கு?" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அது சரியா ஓடுதுங்க."

"அதை மட்டும் எப்படிச் சரியா செஞ்சீங்க?"

"தெரியாமத்தானுங்க."

அவர் சிரித்துவிட்டார். தாய்மாமன் சிரிக்கவில்லை. அந்த ஒற்றைக் காலின் முன் குனிந்து, கால் சட்டத்தோடு சேருமிடத்தில் உள்ளங்கையை வைத்தார். சற்று நேரம் எடுக்கவே இல்லை.

"இத்துனூண்டு துண்டுதான என்னையத் தாங்காம உட்டுது?"

"ஆமாங்க."

"இத்துனூண்டு துண்டுதான எங்க மூணு பேத்தையும் செயிச்சுது?"

"ஆமாங்க. அதே அளவுதானுங்க."

"ஏஞ்சாமி..." என்று சொல்லிக் கையை எடுத்தார். கோயிலில் விபூதி வாங்கிய பிறகு நகருகிற மாதிரி நகர்ந்தார்.

"வாரமுங்க" என்று கிளம்பிப் போனார்கள். கார் தெருமுனை திரும்பியதும் அம்மா கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது அதைவிடக் கொடுமையாக இருந்தது. வாரம் முழுக்க என்னிடம் "சாப்பாடு இருக்குது" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காலைச் சட்டத்தோடு சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க நடுவாக அறுத்தேன். தோற்றுப்போன பெஞ்சில் ஜெயித்த ஒரே இடம் அதுதான். அறுத்த முகத்தைத் தேய்த்துத் துடைத்துப் பார்த்தால் நாக்கைக் காணோம். அதாவது, எங்கே சட்டம் முடிகிறது, எங்கே நாக்கு ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. நன்றாக உற்றுப் பார்த்தால் தலைமுடியைவிட மெல்லிய ஒரு கோடு. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நகத்தால் அதன் குறுக்கே இழுத்தார். நகம் எங்கும் தடுக்கவில்லை. காலமெல்லாம் நூலிழை சுத்தமாக இரும்பு கடைந்தவர், இன்னொரு தடவை இழுத்தார். பிறகு இன்னொரு தடவை.

அம்மா காபி கொண்டுவந்தவர், நாங்கள் இருவரும் ஒரு கட்டைமேல் குனிந்து நிற்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தார். "இது ஒரே கட்டைதான? இதுல எங்க ஒட்டு?" என்றார். அப்பா காட்டினார். அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். சேலைத் தலைப்பால் மரத்தூளைத் துடைத்தார். அவ்வளவுதான், பேச்சு வந்துவிட்டது. "இம்புட்டுச் சுத்தமா செய்யத் தெரியுது, பலகைய எப்படி அறுக்கறதுன்னு தெரியலையாக்கும்!" என்று ஆரம்பித்து, ஒரு வாரத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினார். எனக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் சென்னிமலையிலிருந்து போன். மாப்பிள்ளையின் அம்மா. என் அம்மா பயந்துபோய்ப் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, அம்மணி அந்தப் பெஞ்சைச் சரிபண்ணுச்சுங்களா?"

"இல்லீங்க..." என்று அம்மா இழுத்தார்.

"பண்ணச் சொல்லுங்க. அடுத்த வாரம் பேசி முடிக்க வாரோம். அதுலதான் உக்காரோணும்னு பிரபு சொல்றான்."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாரம் வேலை செய்ததில்லை. அறுத்த காலுக்கும் சட்டத்துக்கும் பதில் புதுக் கால், புதுச் சட்டம். எட்டு நாக்குகளும் புதிது. ஒவ்வொரு துண்டையும் ஜன்னல் பக்கம் பிடித்து நார் ஓடும் திசையைப் பார்த்து, ஒரு மாதிரித் துண்டை முறித்துப் பார்த்து, முறியாமல் விரல் வலித்த பிறகே பசையைத் தொட்டேன். அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தார், அவருடைய அம்மா உட்கார்ந்தார். தாய்மாமன் மட்டும் "நான் நின்னுக்கறனுங்க, கார்ல உக்காந்தே வந்தது" என்றார். எல்லோரும் வற்புறுத்திய பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைப் பெஞ்சுக்குக் கொடுத்தார். பெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் தாம்பூலத் தட்டு மாறியது.

இப்போது அந்தப் பெஞ்சு சென்னிமலையில் எங்கள் தறிக்கூடத்து வாசலில் கிடக்கிறது. நூல் மூட்டை முதல் அந்தத் தாய்மாமன் வரை எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆனால் மாமாவுக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்த ஊரில், எந்த விசேஷத்தில், யார் நாற்காலி போட்டாலும், அதைத் தூக்கித் திருப்பி அடியில் பார்த்துவிட்டு, "நாரு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டபிறகே உட்காருவார். எங்கள் கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிடம்கூடக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. வெளியாட்களுக்குத்தான் புரியாது.

போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு வீட்டுக் கிரகப்பிரவேசம். புது மர சோபாவைக் காட்டி வீட்டுக்காரர் மாமாவை உட்காரச் சொன்னார். மாமா வழக்கம்போலக் குனிந்து பார்த்துவிட்டு, "நாரு எந்தப் பக்கமுங்க?" என்றார். வீட்டுக்காரர் ஒரு நொடி திகைத்தார். பிறகு மிகுந்த பணிவோடு, "வாஸ்துக்காரரக் கேட்டுத்தானுங்க போட்டது, கெழக்குப் பாத்துங்க" என்றார்.

மாமா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.